யாருக்கும் சொல்லாதீங்க!

உங்களுக்கு ஒரு மெஸ் தெரியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்து, அந்தச் சந்துக்குள் இன்னொரு சந்து. மொத்தமே ஆறு பெஞ்ச். பன்னிரண்டரைக்குப் போனால் மண்சட்டியில் கொதிக்கக் கொதிக்க மீன் குழம்பு கிடைக்கும். ஒன்றரைக்குப் போனால், "முடிஞ்சு போச்சு சார், நாளைக்கு வாங்க." ஆபீசில் புதிதாகச் சேர்ந்தவர் உங்களிடம், "இங்க சாப்பாடு எங்க சார் நல்லா இருக்கும்?" என்று கேட்கிறார். சொல்வீர்களா, மாட்டீர்களா?

கொஞ்சம் யோசிப்பீர்கள், இல்லையா? அவர் வந்தால் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வருவார். அந்த நாலு பேர் பதினாறு பேரைக் கூட்டி வருவார்கள். அடுத்த மாதம் பன்னிரண்டரைக்குப் போனாலும் உங்களுக்குப் பெஞ்சில் இடம் இருக்காது. ஆனாலும் கடைசியில் சொல்லிவிடுவீர்கள். சொன்னால் மெஸ்காரருக்கு லாபம். வியாபாரம் பெருகினால் பக்கத்துக் கடையையும் வாடகைக்குப் பிடிப்பார், இன்னும் பத்து பெஞ்ச் போடுவார், மாஸ்டருக்கு ஒரு கையாள் வைப்பார். ஊருக்கும் நல்லது, அவருக்கும் நல்லது. உங்களுக்கு நஷ்டம் கால் மணி நேரக் காத்திருப்பு. அவ்வளவுதான்.

இப்போது மெஸ்ஸை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு கடற்கரையை வையுங்கள். சின்னக் கடற்கரை. கூட்டம் இல்லை, பஜ்ஜிக் கடை இல்லை, குதிரை இல்லை. மணல் இருக்கிறது, அலை இருக்கிறது, இடுப்பளவு தண்ணீரில் நிம்மதியாக நிற்கலாம். இதைச் சொல்லலாமா? கூட்டம் அதிகமானால் பக்கத்துக் கடலை வாடகைக்கு எடுத்து விரிவுபடுத்த முடியாது. மெஸ் வேறு, கடற்கரை வேறு. இதுதான் இந்த வாரப் பிரச்னை.

கருவேப்பிலங்குறிச்சிக்காரனுக்குக் கடலோடு என்ன சம்பந்தம் என்று சிரிக்காதீர்கள். எங்கள் ஊர்ப் பக்கம் ஓடுகிற வெள்ளாறுதான் சேத்தியாத்தோப்பு, புவனகிரி எல்லாம் தாண்டிப் போய், பரங்கிப்பேட்டையில் கடலில் கலக்கிறது. ஆற்றில் ஒரு காகிதக் கப்பலை விட்டால் என்றாவது கடலுக்குப் போய்ச் சேர வேண்டும். சேத்தியாத்தோப்பு அணைக்கட்டில் மாட்டிக்கொள்ளும் என்பது வேறு விஷயம். விருத்தாசலத்துக்காரர்கள் பீங்கான் பொம்மை செய்வார்கள், முந்திரி விற்பார்கள், நெய்வேலிக்கு வேலைக்குப் போவார்கள். கடல் என்றால் அவர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது கடலூர் சில்வர் பீச். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அங்கே போனவர்களுக்குத் தெரியும், அலையைப் பார்க்க முன்வரிசைக்கு முண்டியடிக்க வேண்டும். அதனால் விவரம் தெரிந்த சிலர், புவனகிரி, முட்லூர் தாண்டி கிழக்கே திரும்பி, சாமியார்பேட்டைக்குப் போய்விடுவார்கள். சிதம்பரத்துக்கும் கடலூருக்கும் நடுவே இருக்கிற மீனவ ஊர் அது.

இந்தக் கட்டுரையை எழுதப் போகிறேன் என்றதும், கொளஞ்சியப்பர் கல்லூரியில் என்னோடு பி.காம். படித்த நண்பன் பதறிவிட்டான். "எழுதித் தொலைச்சிடாதடா. அடுத்த ஞாயித்துக்கெழம வேன் வேனா வந்து எறங்கிடுவானுங்க. இருக்கறது அது ஒண்ணுதான். யாருக்கும் சொல்லாத."

அவன் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. முதலில் அவன் கட்சியைப் பேசிவிடுவோம்.

ஒரு இடம் கெடுவதற்கு முதல் காரணமே அது நன்றாக இருப்பதுதான். வெள்ளாற்று மணலையே எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல மணல் என்று பெயர் எடுத்தது. அந்தப் பெயர்தான் அதற்கு எமன். பெயரைக் கேட்டு லாரி வந்தது, லாரிக்குப் பின்னால் பொக்லைன் வந்தது. கார்மாங்குடிப் பக்கம் மணல் குவாரி வேண்டாம் என்று ஜனங்கள் போராடினார்கள். மணல் மட்டமாக இருந்திருந்தால் ஒருத்தனும் எட்டிப் பார்த்திருக்க மாட்டான், ஆறு தப்பித்திருக்கும்.

இன்னொரு உதாரணம் தாய்லாந்தில் இருக்கிறது. பீ பீ லே என்கிற தீவில் மாயா பே என்று ஒரு சின்னக் கடற்கரை. மூன்று பக்கமும் பாறை, நடுவில் வெள்ளை மணல். 2000ல் லியனார்டோ டிகாப்ரியோ நடித்த 'தி பீச்' என்ற படம் வந்தது. படத்தின் கதை என்ன தெரியுமா? யாருக்கும் தெரியாத ஒரு கடற்கரையை ரகசியமாக வைத்துக்கொள்ளத் துடிக்கிற ஆட்களின் கதை! அந்தப் படத்தை எடுத்த இடத்தைப் பார்க்கத்தான் உலகமே கிளம்பிப் போனது. ஒரு நாளைக்கு ஐயாயிரம் பேர் வரை போனார்கள். படகுகளின் நங்கூரத்தில் பவளப்பாறை நொறுங்கியது. 2018 ஜூனில் தாய்லாந்து அரசு கடற்கரையை இழுத்து மூடியது. திரும்பத் திறந்தது 2022 ஜனவரியில். மூடியிருந்த காலத்தில், காணாமல் போயிருந்த சுறாக்கள் திரும்பி வந்தன. மனுஷன் போனான், மீன் வந்தது. இப்போதும் ஆகஸ்ட், செப்டம்பர் இரண்டு மாதம் வருஷா வருஷம் மூடிவிடுகிறார்கள்.

ஆக, "யாருக்கும் சொல்லாதே" என்பது வெறும் சுயநலம் இல்லை. அந்த இடத்தின் மேல் இருக்கிற பாசமும் அதில் இருக்கிறது. என் நண்பன் தோற்றுவிடவில்லை.

சரி, இப்போது எதிர்க்கட்சி.

விருத்தாசலம் ஜங்ஷனில் தீபாவளிக்கு முதல் நாள் ராத்திரி ரயில் ஏறியிருக்கிறீர்களா? அன்ரிசர்வ்ட் பெட்டி. பிளாட்பாரத்தில் நிற்கும்போது நாம் என்ன சொல்கிறோம்? "கொஞ்சம் தள்ளிக்கங்க சார், உள்ள எடம் இருக்கே!" எப்படியோ முண்டி உள்ளே ஏறிவிட்டோம். அடுத்த ஸ்டேஷன் வருகிறது. இப்போது நாம் என்ன சொல்கிறோம்? "எங்க சார் எடம்? மூச்சு விட முடியல. அடுத்த பெட்டிக்குப் போங்க!" ஒரே ஆள், ஒரே ராத்திரி. கதவுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பது மட்டும்தான் மாறியிருக்கிறது.

அமைதியான கடற்கரையை ரகசியமாக வைக்கச் சொல்கிறவரும் ஏற்கெனவே பெட்டிக்குள் ஏறிவிட்டவர். அவருக்கு யாரோ சொல்லித்தானே தெரிந்தது? சொன்னவர் வாயை மூடிக்கொண்டிருந்தால் இவர் இன்றைக்கும் சில்வர் பீச்சில் முண்டியடித்துக்கொண்டு இருந்திருப்பார். தவிர, ரகசியம் எப்போதும் வசதி உள்ளவன் பக்கமே சாயும். பைக் இருக்கிறவன், கார் இருக்கிறவன், நாலு பேரைத் தெரிந்தவன் எப்படியும் போய்விடுவான். பேப்பரில் பார்த்து, பஸ் விசாரித்து, தூக்குவாளியில் புளிசாதம் கட்டிக்கொண்டு, பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவனுக்குத்தான் கதவு சாத்தப்படுகிறது. வேன் வேனாக வருபவர்கள் என்று நண்பன் பயப்படுகிறானே, அவர்கள் யார்? வருஷத்துக்கு ஒரு தடவை காசு சேர்த்து, ஆளுக்கு இவ்வளவு என்று பங்கு போட்டு, வேன் பிடித்துக் கடல் பார்க்க வருகிற ஜனம்.

தண்ணீரைப் பொறுத்தவரை 'நாங்க மட்டும்' என்கிற வார்த்தைக்கு மோசமான சரித்திரம் உண்டு. 1927ல் மகாராஷ்டிரத்தில் மஹாத் என்ற ஊரின் குளத்தில் இறங்கித் தண்ணீர் குடிப்பதற்கே அம்பேத்கர் ஒரு போராட்டம் நடத்த வேண்டியிருந்தது. கடற்கரைக்கும் அந்தக் கதை உண்டு. 1860 நவம்பரில் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' என்ற கப்பலில் நம் ஆட்கள் கரும்புத் தோட்ட வேலைக்குத் தென் ஆப்பிரிக்காவில் டர்பனுக்குப் போய் இறங்கினார்கள். கடல் வழியாக வந்தவர்களின் பேரப்பிள்ளைகள், அதே ஊர்க் கடலில் வெள்ளைக்காரர்கள் குளிக்கிற இடத்தில் கால் நனைக்க முடியாது. 1953ல் அதற்கென்றே ஒரு சட்டம் போட்டார்கள். நல்ல கடற்கரை அவர்களுக்கு, மிச்சம் மீதி மற்றவர்களுக்கு. 1989 நவம்பரில்தான் கடற்கரைகள் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டன. அடுத்த வருஷம் அந்தச் சட்டமும் போனது.

என் நண்பனை அந்த ஆட்களோடு சேர்க்கவில்லை. அவன் பாவம், வாரம் ஒருநாள் நிம்மதி கேட்கிறான். ஆனால் "கூட்டம் வந்தால் கெட்டுவிடும்" என்று சொல்லும்போது, எந்தக் கூட்டம் என்ற கேள்வியையும் கூடவே கேட்டுக்கொள்ள வேண்டும். நாம் போனால் அது விசிட். அடுத்தவன் வந்தால் அது கூட்டம். இந்தக் கணக்கு எந்த லெட்ஜரிலும் டேலி ஆகாது.

காமர்ஸ் படித்தவனுக்கு இது பழகிய சிக்கல். ஃப்ரெட் ஹிர்ஷ் என்ற பொருளாதார நிபுணர் 1976ல் இதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். சில சரக்குகள் உண்டு, எல்லோரிடமும் இருந்தாலும் மதிப்பு குறையாது. சைக்கிள் மாதிரி, சட்டை மாதிரி. வேறு சில உண்டு, மற்றவனிடம் இல்லாதவரைதான் மதிப்பு. கூட்டமில்லாத கடற்கரை இரண்டாவது ரகம். வருமானம் எவ்வளவு உயர்ந்தாலும் இதை எல்லோருக்கும் பங்கு போட்டுக் கொடுக்க முடியாது. பங்கு போட்டால் அது அது இல்லை.

அப்படியென்றால் இரண்டு பேர் சொல்வதும் சரி. சொன்னால் இடம் கெடும். சொல்லாவிட்டால் நியாயம் கெடும். பட்டிமன்ற நடுவராக இருந்தால் "இரண்டு அணியும் நன்றாகப் பேசினார்கள்" என்று சொல்லிவிட்டு பஸ் பிடித்துவிடலாம். இங்கே அப்படித் தப்பிக்க முடியாது. ஏனென்றால் இதுவரை நாம் ஒரு ஆளை விட்டுவிட்டே பேசிக்கொண்டிருக்கிறோம்.

சாமியார்பேட்டையில் மீன் விற்கிற ஒரு அம்மாவிடம் பேச்சுவாக்கில், "உங்க ஊரு நல்ல அமைதியா இருக்கும்மா" என்றேன். அந்த அம்மா கூடையிலிருந்து கையை எடுக்காமலே சொன்னார்: "நீங்க வர்ற நேரம் அப்டி தம்பி. விடியக்காலம் நாலு மணிக்கு வந்து பாருங்க. பக்கத்துல நிக்கிறவன் பேசுறது காதுல வுழாது." கொஞ்சம் நிறுத்திவிட்டு இன்னொன்றும் சொன்னார்: "போட்டு ஒண்ணும் போவலைன்னாதான் இங்க அமைதி. அந்த அமைதி எங்களுக்கு வேணாம் சாமி."

இந்தப் பதிலை நிதானமாக யோசித்துப் பாருங்கள். நானும் நண்பனும் எதை 'அமைதியான பீச்' என்று கட்டிக்காக்கப் பார்க்கிறோமோ, அது அவர்களுக்கு ஷிப்டு முடிந்த தொழிற்சாலை. நெய்வேலிச் சுரங்கத்தில் ஷிப்டு மாறுகிற இடைவெளியில் உள்ளே போய், "ஆஹா, என்ன அமைதி!" என்று சொல்கிற மாதிரி. நாம் துண்டு விரிக்கிற மணல், அவர்கள் கருவாடு காயவைக்கிற களம். நாம் போட்டோ எடுத்துக்கொள்கிற படகு, அவர்கள் பேங்கில் கடன் வாங்கி இன்னும் தவணை கட்டிக்கொண்டிருக்கிற முதலீடு. சவுக்குத் தோப்பின் நிழல், அவர்களுக்கு வலை பின்னுகிற வொர்க்‌ஷாப்.

இந்த ஆட்களைக் கேட்காமல் கடற்கரையை 'நல்லதாக்க'ப் போனால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னையே சாட்சி. 1985ல் மெரினாவை அழகுபடுத்தப் போகிறோம் என்று மீனவர்களின் படகுகளையும் வலைகளையும் அப்புறப்படுத்தப் போனார்கள். மோதல் முற்றி, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் மீனவர்களின் உயிர் போனது. 2023 ஏப்ரலில் அதே மெரினாவில் லூப் ரோட்டுக் கடைகளை அகற்றியபோது நொச்சிக்குப்பத்து ஜனங்கள் மறியலில் உட்கார்ந்தார்கள். முப்பத்தெட்டு வருஷம் கழித்தும் அதே கேள்வி: கடற்கரை காற்று வாங்குகிறவனுக்கா, கஞ்சி குடிக்க வேண்டியவனுக்கா?

2004 டிசம்பர் 26. அதுவும் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். காலை நேரத்தில் சுனாமி வந்தது. கடலூர் மாவட்டத்தில் மட்டும் அறுநூறு பேருக்கு மேல் போனார்கள். பெரும்பாலும் மீனவக் குடும்பங்கள், பெண்கள், குழந்தைகள். கடலோரக் கிராமங்கள் பல அடிபட்டன. அதற்கப்புறமும் அந்தக் கரையிலிருந்து கடலுக்குப் போகிறார்கள். கடலோடு அவர்களுக்கு இருக்கிற உறவு அப்படி. நாம் ஞாயிற்றுக்கிழமை வந்து போகிற ஆட்கள்.

இந்த ஆள் உள்ளே வந்ததும் நம்முடைய கேள்வியே ஆட்டம் கண்டுவிடுகிறது. 'சொல்லலாமா, வேண்டாமா?' என்று கேட்டோமே, அதில் ஒரு அகம்பாவம் ஒளிந்திருக்கிறது. ஒரு பொருளை ஒளித்துவைக்க வேண்டும் என்றாலும் அது என்னுடையதாக இருக்க வேண்டும். அள்ளிக் கொடுக்க வேண்டும் என்றாலும் என்னுடையதாக இருக்க வேண்டும். சாமியார்பேட்டை எனக்கும் சொந்தமில்லை, என் நண்பனுக்கும் சொந்தமில்லை. பக்கத்து வீட்டுக் கிணற்றை ரகசியமாக வைப்பதா, ஊருக்குத் தானம் செய்வதா என்று நாங்கள் இரண்டு பேரும் திண்ணையில் உட்கார்ந்து சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம். வீட்டுக்காரர் உள்ளே சமைத்துக்கொண்டிருக்கிறார்.

"அப்போ கடற்கரை மீனவர்களுக்கு மட்டும் சொந்தமா சார்?" என்று நீங்கள் கேட்பீர்கள். இல்லை. சட்டப்படி அது பொது இடம். நீங்களும் போகலாம், நானும் போகலாம். ஆனால் பொது என்றால் 'யாரும் என்னவும் செய்யலாம்' என்று அர்த்தம் இல்லை. நாம் புறம்போக்கு என்ற வார்த்தையைத் திட்டுகிற வார்த்தையாக்கி வைத்திருக்கிறோம். பழைய கணக்கில் அதற்கு அர்த்தம் வேறு. ஊர் மாடு மேய, பிணம் எரிக்க, தண்ணீர் எடுக்க, ஊருக்கே பொதுவாக, வரிவிதிப்புக்கு வெளியே விட்டுவைத்த இடம்.

கேரட் ஹார்டின் என்பவர் 1968ல் ஒரு கட்டுரை எழுதினார். பொது மேய்ச்சல் நிலம் என்றால் ஒவ்வொருத்தனும் கூட ஒரு மாட்டை ஓட்டிவிடுவான், கடைசியில் புல்லே இருக்காது என்றார். கல்லூரி, பல்கலைக்கழகம் எங்கும் அதைப் பாடமாக வைத்தார்கள். எலினார் ஆஸ்ட்ராம் என்ற அம்மையார் அதை ஒப்புக்கொள்ளவில்லை. ஊர் ஊராகப் போய் ஆராய்ந்தார். ஜனங்கள் கூடிப் பேசி, விதி போட்டுக்கொண்டு, மீறினவனைத் தட்டிக்கேட்டு, நூற்றுக்கணக்கான வருஷமாகப் பொதுச் சொத்தைக் காப்பாற்றிய இடங்கள் நிறைய இருப்பதைக் காட்டினார். 2009ல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் பிரிவில் பரிசு வாங்கிய முதல் பெண் அவர்தான்.

அவர் சொன்னதைப் புரிந்துகொள்ள நாம் அமெரிக்கா போக வேண்டாம். நம் கடற்கரையைப் பார்த்தால் போதும். எந்த வலை போடலாம், எதைப் போடக் கூடாது என்று மீனவ ஊர்ப் பஞ்சாயத்துகள் காலம் காலமாகத் தீர்மானம் போட்டு வந்திருக்கின்றன. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது, மீன் குஞ்சு பொரிக்கட்டும் என்று அரசாங்கத்தின் தடைக்காலம் இருக்கிறது. எல்லாம் சுமுகமாக நடக்கிறது என்று சொல்ல வரவில்லை. சுருக்குமடி வலையை வைத்து கடலூர் மாவட்டத்தில் ஊருக்கும் ஊருக்கும் நடந்த சண்டை கொஞ்சமா? வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போய், 2023 ஜனவரியில் வாரத்துக்கு இரண்டு நாள், அதுவும் பன்னிரண்டு கடல் மைலுக்கு அந்தப் பக்கம் என்று இடைக்கால உத்தரவு வந்தது. சண்டை போட்டாவது ஒரு விதிக்கு வருகிறார்கள் என்பதுதான் விஷயம். மீனுக்கு 61 நாள் ஓய்வு கொடுக்கிற கரையில், ஞாயிற்றுக்கிழமை போகிற நமக்கு மட்டும் ஒரு விதியும் கிடையாதா?

நமக்கும் ஒரு காலத்தில் விதி இருந்தது. எங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஸ்ரீமுஷ்ணம். அங்கே இருக்கிற பூவராகப் பெருமாள் வருஷத்துக்கு ஒருமுறை மாசி மகத்துக்குக் கடலில் தீர்த்தவாரிக்குப் போவார். போகிற இடம் கிள்ளை அருகே முழுக்குத்துறை. பெயரைக் கவனியுங்கள், முழுக்குப் போடுகிற துறை! உள்நாட்டு ஜனம் பெருமாளோடு சேர்ந்து கடலுக்குப் போகும், முங்கும், திரும்பும். வழியில் கிள்ளை தர்காவில் பெருமாளுக்கு வரவேற்பு உண்டு. முஸ்லிம்கள் மரியாதை செய்வார்கள், பெருமாள் பக்கத்திலிருந்தும் தர்காவுக்கு மரியாதை போகும். இத்தனைக்கும் அன்றைக்கு வருவது சின்னக் கூட்டமா? ஆயிரக்கணக்கில் வருவார்கள். ஆனால் சாமியே கூட வழியில் இருக்கிறவர்களுக்கு மரியாதை செய்துவிட்டுத்தான் கடலில் இறங்குகிறார். நாம் காரில் ஏசியைக் கூடப் போட்டபடி, ஹாரன் அடித்துக்கொண்டு, காயப்போட்ட வலை மேலேயே டயரை ஏற்றி நிறுத்துகிறோம்.

ஆக, இடத்தைக் கெடுப்பது எண்ணிக்கை மட்டும் இல்லை. விருந்தாளியாக வருகிறோமா, வாடிக்கையாளனாக வருகிறோமா என்பது பாதி. வாடிக்கையாளன், "காசு குடுத்திருக்கேன்ல" என்பான். விருந்தாளி, "வரலாமா?" என்று கேட்பான். இந்த ஒரு கேள்வியில் பாதிக் குப்பை குறையும்.

இதில் உயிர் சம்பந்தப்பட்ட விஷயமும் இருக்கிறது. எழுதுகிறவனுக்கு இது பெரிய பொறுப்பு. சென்னை பெசன்ட் நகர் கடற்கரையில் வெள்ளையாக ஒரு வளைவு இருக்கிறதே, சினிமாப் பாட்டில் பார்த்திருப்பீர்கள். அது காதலர் நினைவகம் இல்லை. 1930ல் அங்கே கடலில் தத்தளித்தவர்களைக் காப்பாற்றப் போய், தான் மூழ்கிப்போன ஷ்மிட் என்ற வெளிநாட்டுக்காரரின் நினைவுச் சின்னம். அதன் நிழலில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிடுகிறவர்களில் எத்தனை பேர் அந்தக் கல்வெட்டைப் படித்திருப்பார்கள்?

கடல் எப்படி இழுக்கிறது தெரியுமா? அலை அலையாகத் தண்ணீர் கரைக்கு வந்துகொண்டே இருக்கிறது. வந்த தண்ணீர் திரும்பிப் போக வேண்டுமே? மணல் திட்டுகளுக்கு நடுவே எங்கே பள்ளமாக வழி கிடைக்கிறதோ, அங்கே மொத்தமாகச் சேர்ந்து வாய்க்கால் மாதிரி வேகமாக உள்ளே ஓடும். பள்ளமான இடத்தில் அலை அதிகம் உடையாது. நுரை இருக்காது. இரண்டு பக்கமும் அலை அடித்துக்கொண்டிருக்க, நடுவில் மட்டும் தண்ணீர் சாதுவாகத் தெரியும். புதிதாக வந்தவர், "இங்க அலையே இல்ல, வாங்க" என்று பிள்ளைகளை அங்கேதான் இறக்குவார். அமைதியாகத் தெரிகிற இடம்தான் ஆள் விழுங்குகிற இடம். மாட்டிக்கொண்டால் கரையைப் பார்த்து எதிர்நீச்சல் போடக் கூடாது, போட்டால் சோர்ந்து போவீர்கள். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அந்த வாய்க்காலைவிட்டு வெளியே வந்து, அப்புறம் கரைக்குத் திரும்ப வேண்டும். முடியாவிட்டால் மிதந்தபடி கையைத் தூக்கிக் காட்ட வேண்டும்.

ஆற்றுக்காரர்களுக்கு இது தெரியாது. வெள்ளாற்றில் நீச்சல் பழகியவன் "எனக்குத் தெரியாத தண்ணியா" என்று கடலில் இறங்குவான். எந்த இடத்தில் இன்றைக்குப் பள்ளம், எந்த இடத்தில் திட்டு என்பது கரையில் வலை பின்னுகிற பெரியவருக்குத் தெரியும். அவரிடம் "ஐயா, எங்க எறங்கலாம்?" என்று கேட்பது மரியாதை மட்டும் இல்லை, உங்கள் பிள்ளையின் உயிருக்கு இன்ஷூரன்ஸ். ப்ரீமியம் ஒரு கேள்வி. ஆக, விருந்தாளியாக வருகிறவன்தான் பத்திரமாகத் திரும்புகிறான். ரகசியமாகப் போகிறவனும் மாட்டுவான், அதட்டலாகப் போகிறவனும் மாட்டுவான்.

இப்போது நண்பனின் பயத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். நான் எழுதாவிட்டாலும் ரகசியம் நிற்கப் போவதில்லை. டென்மார்க்கைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு அமைப்பு, சுத்தமும் பாதுகாப்பும் உள்ள கடற்கரைகளுக்கு 'நீலக்கொடி' என்று ஒரு சான்று கொடுக்கிறது. 33 நிபந்தனைகள். தண்ணீர் சோதனை, கழிப்பறை, உயிர்காக்கும் ஆட்கள் எல்லாம் அதில் உண்டு. தமிழ்நாட்டில் முதலில் 2021ல் கோவளம் வாங்கியது. புதுச்சேரியில் ஈடன் பீச்சும் அதே வருஷம் வாங்கியது. 2025ல் இந்தத் திட்டத்துக்கென்று தமிழக அரசு அறிவித்த கடற்கரைகளில் சாமியார்பேட்டையும் ஒன்று. அரசாங்கமே தண்டோரா போட்ட பிறகு, நான் வாயைப் பொத்தி என்ன பிரயோஜனம்?

உயிர்காக்கும் ஆள் வருவது நல்ல விஷயம். கழிப்பறை வருவது, அதுவும் பெண்களுக்கு, ரொம்ப நல்ல விஷயம். கேட்க வேண்டிய கேள்வி வேறு. வேலி போடும்போது கருவாடு காயவைக்கிற களம் வேலிக்கு உள்ளேயா, வெளியேயா? படகு இழுத்துப் போட இடம் விடுவார்களா? வருகிற வேலையில் அந்த ஊர்ப் பையன்களுக்குப் பங்கு உண்டா? கூட்டத்துக்கு ஒரு எல்லை, கரைக்கு ஓய்வு நாள் உண்டா? இதையெல்லாம் அந்த மீன்கூடை அம்மாவையும் உட்காரவைத்துப் பேசுவார்களா? 'யாருக்கும் சொல்லாதே' என்று நாம் கிசுகிசுத்துக்கொண்டிருந்தால் இந்தக் கேள்விகளை யார் கேட்பது? ரகசியமாக வைத்த இடத்துக்கு ஆபத்து வந்தால் குரல் கொடுக்க ஆள் இருக்காது. ஆற்று மணல் போனபோது, அந்த ஆற்றில் குளித்தவர்கள்தான் தெருவுக்கு வந்தார்கள். ஆற்றைப் பார்த்தே இராதவன் வரவில்லை.

அதனால் என் தீர்ப்பு இதுதான். சொல்லலாம். ஆனால் இடத்தின் பெயரை மட்டும் சொல்லிவிட்டு வழியைச் சொல்லாமல் விடக் கூடாது. வழி என்றால் பஸ் ரூட் இல்லை. வண்டியை ஊருக்கு வெளியே நிறுத்துவது ஒரு வழி. இறங்குவதற்கு முன்னால் ஊர்க்காரரைக் கேட்பது ஒரு வழி. பேரம் பேசாமல் ஒரு கிலோ மீன் வாங்குவது ஒரு வழி. வேலை செய்கிற பெண்களைக் கேட்காமல் போட்டோ எடுக்காமல் இருப்பது ஒரு வழி. கொண்டுபோன பையைக் குப்பையோடு திரும்பக் கொண்டுவருவது, பாட்டிலை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போவது, ஐப்பசி, கார்த்திகையில் கடல் கொந்தளிக்கும்போது கரையோடு நின்றுகொள்வது, எல்லாமே வழி. இவை தெரியாத ஒருத்தருக்கு இடத்தை மட்டும் சொல்வது, வண்டி ஓட்டத் தெரியாதவன் கையில் சாவியைக் கொடுக்கிற மாதிரி.

நண்பனுக்கு இந்தத் தீர்ப்பில் திருப்தி இருக்காது. அவனுக்கு ஒரு யோசனை வைத்திருக்கிறேன். அடுத்த தடவை போகும்போது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போகாமல், ஒரு வேலைநாள் விடியக்காலம் நாலு மணிக்குப் போ. படகு கரை ஏறும், ஏலம் கத்துவார்கள், ஐஸ் உடைப்பார்கள், நாய் குரைக்கும், ஒருத்தர் பேசுவது ஒருத்தருக்குக் கேட்காது. அந்த இரைச்சலையும் உனக்குப் பிடித்திருந்தால், அந்தக் கடற்கரையை உனக்கு நிஜமாகவே பிடிக்கும் என்று அர்த்தம். பிடிக்கவில்லை என்றால், உனக்குப் பிடித்தது கடற்கரை இல்லை, அங்கே ஆள் இல்லாதது மட்டும்தான்.

நீங்களும் ஒருமுறை போய்விட்டு வாருங்கள். போனவர், நாலு பேருக்குச் சொல்லுங்கள். இடத்தையும் சொல்லுங்கள், வழியையும் சொல்லுங்கள்.